கரடி சாப்பிடும் நேரம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் பயணத் திட்டம் கிடைத்தது. வான்கூவரிலிருந்து கிளம்பி ஸ்டூவர்ட், ஹைடர், சால்மன் கிளேசியர், அப்படியே வடக்கே டீஸ் லேக், பிறகு வீடு. எல்லாம் ஒரு நீண்ட வார இறுதிக்குள். கடைசி வரியில் "கரடி பக்கத்தில் நின்று ஒரு ரீல்ஸ்" என்று வேறு எழுதியிருக்கிறாய். போகாதே என்று நான் சொல்லமாட்டேன், அவசியம் போ. ஆனால் டீஸ் லேக்கை அடித்துவிடு, நாட்களை இரண்டு மடங்காக்கு, அந்தக் கடைசி வரியை அடியோடு மறந்துவிடு.

வான்கூவரிலிருந்து ஸ்டூவர்ட்டுக்கு ஒரு வழிக்கே 1,400 கிலோமீட்டருக்கு மேல். கிட்வாங்காவில் 37-ஆம் எண் சாலைக்குத் திரும்பியதும் ஊர்கள் குறைந்து காடு மட்டுமே மிஞ்சும். அங்கேயே டேங்க்கை நிரப்பிக்கொள். அடுத்த பங்க் திறந்திருக்கும் என்ற நம்பிக்கையில் ஓட்டாதே. நெடுந்தூரம் சிக்னல் கிடைக்காது, மேப்பை முன்பே இறக்கி வை. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்று பார். இருட்டிய பிறகு ஓட்டவே ஓட்டாதே. மூஸ் என்னும் பெரிய மானுக்குக் கால் அவ்வளவு நீளம். கார் மோதினால் கால் ஒடிந்து அதன் முழு உடம்பும் முன்கண்ணாடி மேல் வந்து விழும்.

கிட்வாங்கா தாண்டியதும் கிட்டன்யோவில் கொஞ்சம் நிறுத்து. அங்குள்ள குலச்சின்ன மரத்தூண்களைப் படம் பிடிப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள். அந்த வட்டாரத்துக் கிட்க்ஸான் மக்களும் வெட்சுவெட்டென் மக்களும் தொடுத்த வழக்கில்தான், பழங்குடிகளுக்குத் தங்கள் மண்மீதுள்ள உரிமை என்ன என்பதைக் கனடா உச்ச நீதிமன்றம் 1997-இல் விளக்கிச் சொன்னது. அந்த மண்ணில் நீ விருந்தாளி.

மெஸியாடின் சந்திப்பில் இடப்பக்கம் திரும்பினால் ஸ்டூவர்ட் சாலை. வழியில் பேர் கிளேசியர். 1940-களில் இந்தச் சாலை போகும் கணவாயையே அடைத்துக் கிடந்த பனியாறு இன்று ஏரிக்கு அக்கரையில் மலைமேல் ஒதுங்கிவிட்டது. அன்று இருந்தவர்கள் பார்த்ததை நீ பார்க்கப்போவதில்லை. நீ பார்ப்பதை உன் பிள்ளைகள் பார்ப்பார்களா என்பதும் சந்தேகம். அதற்காகவே வண்டியை ஓரம்கட்டி அரைமணி நேரம் நில்.

அடுத்தது ஹைடர். ஸ்டூவர்ட்டிலிருந்து சில கிலோமீட்டர்தான், ஆனால் அது அமெரிக்காவின் அலாஸ்கா. நுழையும்போது அமெரிக்கச் சோதனைச் சாவடி கிடையாது. திரும்பும்போது கனடாவின் சாவடி உண்டு. கேட்க ஆளில்லை என்பதால் சட்டம் இல்லாமல் போய்விடாது. நீ இந்தியப் பாஸ்போர்ட்டில் படிக்க வந்தவன். அமெரிக்க விசா பற்றியும் திரும்பி வருவது பற்றியும் உங்கள் கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவாகாமல் அந்தக் கோட்டைத் தாண்டாதே. சரிப்படாது என்றால் ஸ்டூவர்ட்டோடு நின்றுகொள். வருத்தப்படாதே, பேர் கிளேசியர் கனடாவில்தான் இருக்கிறது.

போக முடிந்தால், ஹைடரைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் ஃபிஷ் கிரீக் என்ற ஓடை. அமெரிக்க வனத்துறை ஓடைக்கரையில் உயரமாக மரப்பாலம்போல ஒரு நடைமேடை கட்டியிருக்கிறது. ஜூலையிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை சம், பிங்க் வகைச் சால்மன்கள் முட்டையிடக் கடலிலிருந்து ஏறி வரும். கரடியைத் தேடுவதற்கு முன் மீனைப் பார். பெண் மீன் வாலால் கூழாங்கற்களை அடித்து அடித்துக் குழி பறிக்கும். தோல் தேய்ந்து வால் வெளுத்திருக்கும். முட்டையிட்ட சில நாட்களில் செத்துவிடும். ஓடை முழுக்க அழுகல் நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிடாதே, அங்குள்ள எல்லா உயிருக்கும் சோறு அதுதான்.

மீன் நிறைய இருக்கிற நாளில் கரடி ஒரு மீனை முன்காலால் அமுக்கி, தோலை உரித்துத் தின்று, முட்டையையும் மூளையையும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைப் போட்டுவிடும். கடற்காகங்கள் பொறுக்கும். காட்டுக்குள் இழுத்துப்போனது மக்கி மரத்துக்கு உரமாகும். விக்டோரியா பல்கலைக்கழகத்தின் டாம் ரைம்சென், மர வளையங்களுக்குள்ளேயே சால்மன் கொண்டுவந்த கடல் நைட்ரஜனைக் கண்டார்.

இனி உன் ரீல்ஸுக்கு வருகிறேன். பெண் கரடி கோடையின் தொடக்கத்தில் இணைசேரும். கரு உடனே வளராது. இலையுதிர் காலம் வரை கருப்பையில் ஒட்டாமல் காத்திருக்கும். அதற்குள் தாயின் உடம்பில் போதிய கொழுப்பு சேர்ந்தால்தான் ஒட்டி வளரும், இல்லையென்றால் கரைந்துபோகும். ஓடையில் அது மீன் பிடிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் இந்தக் கணக்கில் சேர்கிறது. நீ நெருங்கினால் அது பாயலாம், அந்தப் பயம் உனக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் பெரும்பாலும் நடப்பது வேறு. மீனை அப்படியே போட்டுவிட்டு அது காட்டுக்குள் போய்விடும். உனக்குப் படம் கிடைத்துவிடும். அதற்கு அன்றைய சாப்பாடு போய்விடும். ஆகவே நடைமேடையைவிட்டு இறங்காதே, குரலைத் தாழ்த்திப் பேசு. சாலையோரத்தில் கண்டால் காருக்குள்ளேயே இரு. பிஸ்கட் துண்டுகூட வீசாதே: அது குற்றம். மனிதரைக் கண்டால் தீனி கிடைக்கும் என்று பழகிய கரடியைக் கடைசியில் சுட்டுக் கொல்கிறார்கள்.

ஃபிஷ் கிரீக்கிலிருந்து மேலே ஏறும் கப்பி ரோடு மறுபடி கனடாவுக்குள் போய், சால்மன் கிளேசியரை மேலிருந்து காட்டும். நீலம் பாய்ந்த பனி வளைந்து இறங்குவதையும், அதன் முதுகில் கல்லும் மண்ணும் கருங்கோடுகளாக ஓடுவதையும் நிதானமாகப் பார். வாடகைக் கார் ஒப்பந்தத்தில் கப்பி ரோட்டுக்கு அனுமதி உண்டா என்று முதலில் படித்துவிடு. கிராண்டக் தாமிரச் சுரங்கத்துக்காகப் போட்ட பாதை அது. 1965 பிப்ரவரியில் அந்தச் சுரங்க முகாமில் பனிச்சரிவு விழுந்து 26 பேர் இறந்தார்கள். கீழே ஆற்றுப்படுகையில் கூடாரம் அடிக்காதே: மேலே பனி தேக்கிவைத்திருக்கும் சம்மிட் ஏரி, கோடையில் பனிக்கடியில் உடைத்துக்கொண்டு வெள்ளமாக வருவதுண்டு.

கிட்வாங்காவில் டேங்க் நிரப்பியதும் எனக்கு ஒரு மெசேஜ் போடு. ஸ்டூவர்ட் போய்ச் சேர்ந்ததும் இன்னொன்று. இடையில் சத்தமே இல்லாவிட்டாலும் பதற மாட்டேன். ஆனால் மறுநாள் காலை வரை இரண்டாவது மெசேஜ் வராவிட்டால் ஸ்டூவர்ட் போலீசுக்குப் போன் செய்வேன். அதனால் கார் நம்பரையும் தங்கும் இடத்தின் பெயரையும் புறப்படும் முன்பே அனுப்பிவிடு.

உன் அக்கா