வீட்டு மேசையில் முதலில் எதை வைப்பது?

"வீட்டிலேயே சின்னதா ஒரு ஒர்க் பெஞ்ச் போடணும், முதல்ல என்னடா வாங்கறது?" நம் டிபார்ட்மெண்டில் இதை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. மூன்றாம் ஆண்டு முடியப்போகிறது. அரக்கோணத்தில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்ச் போட்டு, தப்பும் தவறுமாகக் கற்றுக்கொண்டதை ஜூனியர் நண்பர்களுக்காக எழுதுகிறேன்.

பெஞ்ச் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். அப்பா கொத்தனார். ஒரு பழைய சென்ட்ரிங் பலகையைச் செங்கல் அடுக்கின் மேல் போட்டுக் கொடுத்தார். அவ்வளவுதான். கையில் 1,000 ரூபாயோடு ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்தே போனேன். அங்கே போனால் கண் ஒரு இடத்தில் நிற்காது. சீட்டில் எழுதிக்கொண்டு போகாவிட்டால் மினுக்கு லைட்டும் ரிமோட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். நான் எழுதிக்கொண்டு போனவை: 25 வாட் சால்டரிங் அயர்ன், அதற்கு ஸ்டாண்ட், 60/40 சால்டர், கட்டர், நோஸ் பிளேயர், ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர். ஸ்டாண்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். அயர்னைப் பலகையின் ஓரத்தில் வைத்து அம்மாவின் நைலான் புடவையில் ஒரு ஓட்டை போட்டவன் சொல்கிறேன்.

60/40 சால்டர் 190 டிகிரி வாக்கில் முழுதாக உருகிவிடும். அதில் 40 பங்கு ஈயம். அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாகி மூக்கில் ஏறாது, நாம் பார்க்கும் புகை ஃபிளக்ஸின் புகை. அதுவும் மூச்சுக்கு நல்லதல்ல, ஜன்னல் பக்கம் உட்காருங்கள். ஆனால் ஈயம் விரலில் ஒட்டும், விரலிலிருந்து சோற்றுக்குப் போகும். ஆறாவது படிக்கும் தங்கச்சி ஒருநாள் அதே பலகையில் தட்டை வைத்துச் சாப்பிட உட்கார்ந்தபோதுதான் எனக்கு இது உறைத்தது. அன்றிலிருந்து பலகையில் சாப்பாடு கிடையாது, வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவேன்.

அடுத்தது சீரிஸ் போர்டு. ரிப்பேர் கடைகளில் பார்த்திருப்பீர்கள். பேஸ் வயர் நேராக சாக்கெட்டுக்குப் போகாமல் 100 வாட் குண்டு பல்பு வழியாகப் போகும். 230 வோல்ட்டில் முழுதாக எரியும் 100 வாட் பல்பின் ரெசிஸ்டன்ஸ் 529 ஓம். எனவே சாக்கெட்டில் செருகிய சாமான் முழு ஷார்ட்டாகவே இருந்தாலும் 0.43 ஆம்பியர்தான் ஓடும். பல்பு பளிச்சென்று எரியும், ஃபியூஸ் போகாது. எஸ்எம்பிஎஸ் நன்றாக இருந்தால் பல்பு ஒரு கணம் மின்னி மங்கிவிடும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. ஒன்று நன்றாக நினைவிருக்கட்டும்: இது ஷார்ட்டைத்தான் தாங்கும், ஷாக்கைத் தடுக்காது. 0.43 ஆம்பியர் ஓர் ஆளைக் கொல்லத் தாராளமாகப் போதும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் எஸ்எம்பிஎஸ்ஸின் பெரிய கெபாசிட்டரில் 325 வோல்ட் வரை தங்கியிருக்கலாம். அளந்து பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

அளந்து பார்ப்பது என்றால் மீட்டர். இங்கேதான் என் மானம் போன கதை.

அத்தை வீட்டு ரேடியோவுக்கு 9 வோல்ட் எலிமினேட்டர் ஒன்று உண்டு. ரேடியோ பாடவில்லை என்று இரண்டையும் கொண்டு வந்து கொடுத்தார். என் அட்மிஷன் பணத்தில் பாதி அத்தை கொடுத்தது. "படிச்ச பிள்ளை பார்த்துக்கும்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டார். எலிமினேட்டரை அளந்தேன்: 10.6 வோல்ட். உள்ளே இருந்த 7809 ஐசி போய்விட்டது என்று முடிவு செய்து மாற்றினேன். மறுபடி 10.6. கடை சரக்கு மட்டம் என்று திட்டி, வேறு கடையில் இன்னொன்று வாங்கி மாற்றினேன். அதே 10.6. ரேடியோவை எரித்துவிடுவோமோ என்ற பயத்தில் மூன்று வாரம் அப்படியே வைத்திருந்தேன். அத்தை வரும்போதெல்லாம் "ஆச்சாப்பா?" என்பார், நான் "பார்ட்ஸ் வரணும் அத்தை" என்பேன். பொய்தான்.

ஒரு ராத்திரி அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விஷயத்தைக் கேட்டுவிட்டு, "உன் ரசமட்டம் சரியா இருக்கான்னு பார்த்தியா?" என்றார். கொத்தனார்கள் ரசமட்டத்தைச் சுவரில் வைத்துக் குமிழைப் பார்த்துவிட்டு, அதையே முனை மாற்றித் திருப்பி வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு தடவையும் குமிழ் ஒரே இடத்தில் நின்றால்தான் கருவியை நம்புவார்கள். எனக்குச் சுருக்கென்றது. கடிகாரத்துக்கு வாங்கி வைத்திருந்த புது 1.5 வோல்ட் செல்லை அளந்தேன்: 1.88! புது செல் 1.6 காட்டலாம், 1.88 காட்டவே காட்டாது. மீட்டருக்குள் இருந்த 9 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தது. இந்த வகை மலிவு மீட்டர்களில் பேட்டரி இறங்க இறங்க உள்ளே ஒப்பிடும் வோல்டேஜும் இறங்கும், அதனால் ரீடிங் உயரும். திரையில் பேட்டரிப் படம் வரும் என்பார்கள், என் மீட்டரில் வரவில்லை. புது பேட்டரி போட்டதும் எலிமினேட்டர் 8.97 காட்டியது. கோளாறு எங்கே என்கிறீர்களா? ரேடியோவுக்குப் போகும் பின் வயர் உள்ளே அறுந்திருந்தது. பத்து நிமிட வேலை.

இப்போது வேலை தொடங்கும் முன் மூன்று சோதனை செய்கிறேன். புது செல்லை அளப்பேன். 1 சதவீத 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை அளப்பேன். 200 ஓம் ரேஞ்சில் இரண்டு புரோபையும் சேர்த்துப் பார்ப்பேன், அரை ஓம் போலக் காட்டினால் அது வயரின் ரெசிஸ்டன்ஸ், சிறிய ரெசிஸ்டர் அளக்கும்போது கழித்துக்கொள்ள வேண்டும். சிவப்பு புரோபை 10 ஆம்பியர் ஓட்டையில் விட்டபடி வோல்டேஜ் அளக்கப் போகாதீர்கள். மலிவு மீட்டர் பலவற்றில் அந்த ஓட்டைக்கு ஃபியூஸே இல்லை. மெயின்ஸில் வைத்தால் நேரடி ஷார்ட், கையிலேயே வெடிக்கும்.

பவர் சப்ளையைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம், செய்யுங்கள். 12 வோல்ட் 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மர், பிரிட்ஜ், 2200 மைக்ரோ ஃபாரட் 35 வோல்ட் கெபாசிட்டர், எல்எம்317. வெளிவரும் வோல்டேஜ் = 1.25 × (1 + ஆர்2/ஆர்1). ஆர்1 240 ஓம், ஆர்2 720 ஓம் என்றால் சரியாக 5 வோல்ட். ஆர்2 இடத்தில் 2.2 கிலோ ஓம் பாட் போட்டால் 12 வோல்ட் வரை திருப்பலாம். உள்ளே 15, வெளியே 5, அரை ஆம்பியர் என்றால் ஐசி 5 வாட் சூட்டைத் தாங்க வேண்டும், ஹீட் சிங்க் கட்டாயம். அதன் உலோக முதுகு அவுட்புட்டோடு சேர்ந்தது, மைக்கா போட்டு மாட்டுங்கள்.

சிஆர்ஓ? வீட்டுக்கு இப்போது வேண்டாம். லேபில் இருப்பதை முழுதாகப் பயன்படுத்தினோமா என்று நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

என் சீட்டில் இன்னும் அடிக்காமல் இருப்பது ஒன்றுதான்: 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. உண்மையில் இதுதான் முதல் வரியில் இருந்திருக்க வேண்டும். சனிக்கிழமை கூலி வந்ததும் வாங்கிவிடலாம் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அதுவரை சீரிஸ் போர்டைப் பரணில் ஏற்றி வைத்திருக்கிறேன்.