கரையில் மூன்று நாள்

அன்புக்கொடி மக்கள் ஒருவரையொருவர் கண்டால் சொல்லும் சொல் "அய்யா உண்டு" என்பது. அய்யா தந்தார் என்றோ தருவார் என்றோ அதில் இல்லை. உண்டு, அவ்வளவுதான். வலை நிறைந்த நாளில் அதைச் சொல்வது எளிது. வெறும் வலையோடு கரையேறுகிறவனுக்கு அதே சொல் தொண்டையில் நிற்கும்.

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களுக்கு இந்தச் சோதனை புதிதல்ல. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே உள்ள முகத்துவாரத்தைக் கோடையில் மணல் வந்து அடைக்கும். அந்நாளில் ஆரணி ஆற்றிலும் காளங்கி ஆற்றிலும் நீர்வரத்து இராது. கடலிலிருந்து ஏரிக்குள் வந்து வளரவேண்டிய இறால் குஞ்சுக்கு வழி அடைபடும். நீர் வற்றி, உப்பு ஏறி, படகு தரை தட்டும். மணலைத் தூர்வாரித் தரவேண்டும் என்று மனுவோடு நடந்து களைத்தவர்கள் பலர். பொறுக்கமாட்டாமல் தாங்களே மண்வெட்டி எடுத்து வழி வெட்டியதும் உண்டு. வெட்டிய வழியை அலை மறுபடியும் மூடும்போது மனம் உடைகிறதே, அந்த உடைவைப் பற்றித்தான் இந்தப் பாடம்.

அந்த ஏரியில் வலை கட்டும் இடத்துக்கும் அதற்கான முறைக்கும் "பாடு" என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று சீட்டுப் போட்டு முறை வகுத்துக்கொள்வது பழைய வழக்கம். தன் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்த நாளில் நீரோட்டம் சரியில்லாமல் போனால் அடுத்த முறைக்கு மறுபடியும் காத்திருக்க வேண்டும். துன்பத்துக்கும் தமிழில் பாடு என்றுதானே பெயர்! முறையே இல்லாதவர்களும் அங்கே உண்டு. சேற்று நீரில் குனிந்து, பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர் பெண்களுக்கு எந்தச் சீட்டிலும் பெயர் கிடையாது. சோர்வு என்றால் அது முதலில் அவர்களுடையது. அய்யா யாரைத் தேடி வந்தார் என்று அகிலத்திரட்டு கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

காத்திருப்பு என்றதும் அன்புவழி மக்களுக்கு நினைவு வரவேண்டியது திருச்செந்தூர்க் கரை. முத்துக்குட்டி நோயில் கிடந்தபோது, மாசித் திருநாளுக்கு மகனைச் செந்தூருக்குக் கொண்டுவா என்று தாய் வெயிலாளுக்குக் கனவில் வாக்கு வந்தது. அந்த வாக்கை நம்பி, மகனைத் தொட்டில் கட்டித் தூக்கிக்கொண்டு உறவினரோடு புறப்பட்டாள். குணமாகும் என்று கொண்டுவந்த மகனோ கடலுக்குள் நடந்து மறைந்துபோனான். வாக்கை நம்பாதவளுக்கு நேர்ந்த கதி அல்ல இது. நம்பி வந்தவளுக்கு நேர்ந்தது. இந்த இடத்தை விரைவாக வாசித்துக் கடந்துவிடக் கூடாது.

அவன் இறந்தான் என்றே மற்றவர்கள் முடிவு கட்டினார்கள். தாய் அழுதாள், ஆனால் கரையை விட்டுப் போகவில்லை. அழுகையும் நம்பிக்கையும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்பதற்கு அவளே சாட்சி. கண்ணீர் விட்டால் பக்தி குறைந்துவிட்டது என்று பிறரைக் குத்திப் பேசுகிறவர்கள் அவளை நினைத்துக்கொள்ளட்டும். கொல்லம் 1008 மாசி 20, அதாவது 1833 மார்ச் 1 அன்று, கடலிலிருந்து வைகுண்டர் எழுந்து வந்தார். மகனே என்று தாய் ஓடினாள். தாம் இனி அவள் மகன் அல்ல, நாராயணர் மகனாகப் பிறந்து வந்திருப்பதாக அவர் சொன்னார். அவள் கேட்டது ஒரு வீட்டுக்கு ஒரு மகன். கிடைத்தது எல்லா வீட்டுக்கும் ஒரு அய்யா. கேட்டபடி திரும்பி வராததால் வாக்கு பொய்த்துவிட்டது என்று அவள் நினைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

வந்த அய்யாவும் உடனே எதையும் மாற்றிவிடவில்லை. பூவண்டன்தோப்பில் ஆறு ஆண்டு தவம். முதல் இரண்டு ஆண்டு ஆறடிக் குழிக்குள். பின்பு சுவாதித் திருநாள் மகாராஜாவின் ஆட்சியில் சிறை. கைது செய்ய வந்தவர்களை எதிர்க்கத் துடித்த மக்களைப் பொறுத்திருக்கச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

பொறுத்திருப்பது கைகட்டி உட்கார்ந்திருப்பது அல்ல. வாகைப்பதிக் கடற்கரையில் துவையல் தவசுக்கு வந்த எழுநூறு குடும்பங்கள் நாளுக்கு மூன்று வேளை கடலில் நீராடின, துணி துவைத்தன, ஒரு வேளை உண்டன. அன்றைய வேலையை அன்றன்று செய்தன. ஏரிக்கரையிலும் அப்படித்தான்: மனு எழுதலாம், மணல் வெட்டலாம், கிழிந்த வலையை முடியலாம். ஆனால் சோர்வு முற்றியதும் குறி கேட்க ஓடுவதும், கோழி அறுத்துப் பலி கொடுப்பதும், மந்திரவாதிக்குக் கடன் வாங்கிக் காணிக்கை கொடுப்பதும் அய்யா விலக்கிய வழிகள். அவை ஏற்கெனவே காலியான மடியையும் பறித்துக்கொள்ளும். பள்ளியறைக் கண்ணாடி முன் நின்று விளக்கொளியில் தன் முகத்தையே பார்ப்பதற்குக் காசு வேண்டாம்.

சாமித்தோப்பில் கார்த்திகையில் 17 நாள் திருஏடு வாசிப்பு நடக்கும். அந்த ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் ஆரணி ஆறு பெருகி வந்து பழவேற்காட்டு முகத்துவாரத்து மணலை உடைத்துக்கொண்டு கடலில் சேரும். சில ஆண்டு மழை பொய்த்துவிடும். அந்த ஆண்டும் ஏடு வாசிக்கிறார்கள்.