பெயரை மாற்றினால் ஃபைல் மாறுமா?

2011 செப்டம்பரில் தமிழக அரசு வழங்கத் தொடங்கிய இலவச லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது சென்னை சி-டாக். கட்டளை தட்டும் கறுப்புத் திரை அப்படி எத்தனையோ வீடுகளுக்குள் வந்துவிட்டது. அதைப் பற்றிய தவறான எண்ணங்கள்தான் இன்னும் போகவில்லை.

சித்தையன்கோட்டையில் நெல் போடும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பட்டா, சிட்டா, அடங்கல், பாஸ்புக் நகல், கல்யாண போட்டோ எல்லாம் ஒரே ஃபோல்டரில் கிடக்கின்றன. இணையத்தில் விண்ணப்பிக்க அவற்றில் பிடிஎஃப் மட்டும் வேண்டும்.

நம்பிக்கை: ஃபைல்களைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையோடு நட்சத்திரக் குறி, புள்ளி, பிடிஎஃப் என்று தட்டி ஒன்றும் வராவிட்டால் ஃபைல் இல்லை.

உண்மை: நட்சத்திரத்தை விரித்துப் பெயர்களைத் தேடுவது எல்எஸ் அல்ல, நாம் தட்டும் கட்டளையை வாங்கி இயக்கும் ஷெல். அது நிற்கும் ஃபோல்டரை மட்டுமே பார்க்கும். உள் ஃபோல்டருக்குள் இறங்காது. லினக்ஸில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு. ஆகவே உள் ஃபோல்டர்களிலும் தேடும் ‘ஃபைண்ட்’ கட்டளையை, எழுத்தின் அளவைப் பாராத ‘ஐநேம்’ தெரிவோடு தட்டுங்கள். நட்சத்திரத்தை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் ஷெல் முந்திக்கொண்டு அதை விரித்துவிடும்.

நம்பிக்கை: போட்டோவின் பெயரில் ஜேபிஜியை அழித்துப் பிடிஎஃப் என்று எழுதினால் அது பிடிஎஃப் ஆகிவிடும்.

உண்மை: ஆகாது. இதுதான் அதிகம் பேரை அலைய வைக்கிறது. பிடிஎஃப் ஃபைலைத் திறந்து முதல் எழுத்துகளைப் பார்த்தால் சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற மூன்று எழுத்தும் இருக்கும். ஜேபிஜியின் தொடக்கமே வேறு. பெயரை எத்தனை முறை மாற்றினாலும் உள்ளே ஒரு பைட்கூட மாறாது. பெயரை மட்டும் பார்க்கும் எல்எஸ்ஸும் ஃபைண்டும் அந்தப் போட்டோவையும் பிடிஎஃப் பட்டியலில் காட்டும். உள்ளடக்கத்தைச் சோதிக்கும் இணையதளமோ விண்ணப்பத்தைத் திருப்பிவிடும். நிலப் பத்திர விஷயத்தில் இந்தத் தாமதம் சின்ன இழப்பல்ல. ‘ஃபைல்’ என்றே ஒரு கட்டளை இருக்கிறது. அது பெயரை நம்பாமல் உள்ளே பார்த்து வகையைச் சொல்லும். அனுப்பும் முன் அதைக் கேளுங்கள். ஜேபிஜி என்று வந்தால் முறையாகப் பிடிஎஃப்பாக மாற்றிச் சேமியுங்கள்.

நம்பிக்கை: விண்டோஸில் ஃபைல்களைப் பட்டியலிடும் ‘டிர்’ கட்டளை கேட்டதை மட்டும் காட்டும்.

உண்மை: பழைய எட்டு–மூன்று எழுத்துக் குறும்பெயர் வழக்கம் இயங்கும் கணினியில், எச்டிஎம் என்று தேடினால் எச்டிஎம்எல் ஃபைல்களும் சேர்ந்து வரும். அழிக்கும் ‘டெல்’ கட்டளையும் அப்படியே பொருத்திக்கொள்ளும். அதனால் முதலில் டிர் போட்டுப் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் டெல் போட வேண்டும்.