பாட்டியின் ஒட்டுப்போர்வை

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை தொடங்கிய மறுநாளே யாழினியும் அவள் தம்பி கவினும் பெற்றோருடன் கிள்ளானிலிருந்து கேமரன் மலைக்குப் புறப்பட்டனர். தாப்பாவைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து மேலேறியது. லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியின் அருகே அப்பா மகிழுந்தைச் சற்று நேரம் நிறுத்தினார். அங்கேயே குளிர் தெரிந்தது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவை அடைந்தபோது, கவின் குளிராடையின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுக்கொண்டான்.

பாட்டியின் வீடு தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சிறிய பலகை வீடு. அந்தத் தோட்டத்தில்தான் தாத்தா நாற்பது ஆண்டுகள் வேலை செய்தார். சென்ற தை மாதம் அவர் காலமானார். அதன்பின் செல்வி அத்தை மட்டுமே பாட்டிக்குத் துணையாக இருந்தார். பிள்ளைகளை விட்டுவிட்டு அப்பாவும் அம்மாவும் மறுநாள் வேலைக்குத் திரும்பிவிட்டனர்.

அந்த வீட்டில் இரண்டு புதிய காரியங்கள் நடந்துகொண்டிருந்தன. கூடத்துப் பாயின்மேல் பல வண்ணத் துணித் துண்டுகள் பரப்பிக் கிடந்தன. சமையலறை மேசையின்மேல் முட்டை வடிவத்தில் ஒரு கறுப்பு மின்கருவி உட்கார்ந்திருந்தது.

“பாட்டி, போர்வை தைக்கிறீர்களா?” என்று யாழினி கேட்டாள்.

“ஆமாம் கண்ணு. உன் அப்பாவுக்கு ஒன்று தைத்தேன். அத்தைக்கு ஒன்று தைத்தேன். இது உனக்கு. கண் தெரியும்போதே முடித்துவிட வேண்டும்.”

“அத்தை, இந்தக் கறுப்புப் பெட்டி எதற்கு?” என்றான் கவின்.

“இது காற்றுப் பொரிப்பான். பாட்டிக்கு இரத்தத்தில் கொழுப்பு கூடியிருக்கிறது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இனி நம் வீட்டு எண்ணெய்ச் சட்டிக்கும் விடுமுறைதான்!” என்று அத்தை சிரித்தார்.

பாட்டி சிரிக்கவில்லை. “எண்ணெய் இல்லாமல் வடையா? நல்ல வேடிக்கை!” என்று சொல்லிவிட்டு ஊசியில் நூல் கோக்க முயன்றார். நூல் மூன்று முறை ஊசியின் காதைத் தவறவிட்டது. யாழினி ஊசியை வாங்கி நூலைக் கோத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் பாட்டி அவளுக்குப் போர்வை தைக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். முதலில் 22 சென்டிமீட்டர் சதுரமாக ஓர் அட்டையை வெட்டிக்கொள்ள வேண்டும். அந்த அட்டையைப் பழைய துணிமேல் வைத்துக் கோடிட்டு வெட்ட வேண்டும். சுற்றிலும் ஒரு சென்டிமீட்டர் தையலுக்குள் போய்விடும். ஆகவே, தைத்து முடித்தபின் ஒவ்வொரு துண்டும் 20 சென்டிமீட்டர் சதுரமாக நிற்கும். குறுக்கே ஏழு, நெடுக்கே ஒன்பது எனப் பாட்டியின் போர்வைக்கு அறுபத்து மூன்று துண்டுகள் தேவைப்பட்டன.

“துண்டுகளை இணைத்தால் மேல் அடுக்கு. நடுவில் பஞ்சு. அடியில் பழைய பருத்திச் சேலை. மூன்றையும் சேர்த்து ஓட்டத் தையல் போட வேண்டும். தையல் போடாவிட்டால் நாளடைவில் பஞ்சு ஒரு மூலைக்குப் போய்விடும்,” என்றார் பாட்டி.

பழகுவதற்காக யாழினி ஒரு சிறிய திண்டு தைத்தாள். பஞ்சை அழுத்தி அழுத்தித் திணித்து, நூலை இறுக்கி இழுத்தாள். பாட்டி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“இவ்வளவு இறுக்காதே, அம்மா. பஞ்சு அமுங்கிப் போனால் போர்வை கனக்கும்; கதகதப்பாக இருக்காது.”

“ஏன் பாட்டி?”

“ஏன் என்று எனக்கு எப்படித் தெரியும்? என் அம்மா சொன்னார், நான் செய்கிறேன்.”

அன்று மாலை, புதிய கருவியைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பு பிள்ளைகளிடம் வந்தது. கவின் ஆவலுடன் உளுந்து மாவை அள்ளிக் கருவியின் கூடையில் வைத்தான். கூடையின் அடியில் இருந்த துளைகள் வழியே மாவு சொட்டுச் சொட்டாக ஒழுகிவிட்டது. அடுத்து, யாழினி கடலைப் பருப்பை அரைத்து மசால் வடை தட்டினாள். ஒரே முறையில் முடித்துவிட எண்ணிப் பதினான்கு வடைகளை ஒன்றன்மேல் ஒன்று சாயும்படி அடுக்கினாள். பதினைந்து நிமிடம் கழித்துக் கூடையை இழுத்தபோது, மேலே இருந்தவை காய்ந்து வெடித்திருந்தன. ஒட்டிக்கிடந்த பக்கங்களில் மாவு வேகாமல் வெளுத்திருந்தது.

பாட்டி ஒன்றை எடுத்துப் பிட்டுப் பார்த்தார். “அம்பது வருஷமாக என் கை வடை இந்த வீட்டில் வீணாய்ப் போனதில்லை,” என்று மெதுவாகச் சொல்லிவிட்டுக் கூடத்துக்குப் போய்விட்டார். அந்தக் குரலில் கோபம் இல்லை; வருத்தம் இருந்தது. அத்தையின் முகம் வாடியது.

இரவில் குளிர் கூடியது. அப்பாவின் பழைய ஒட்டுப்போர்வைக்குள் சுருண்டுகொண்டு யாழினி கருவியின் கையேட்டைப் படித்தாள். 2010ஆம் ஆண்டில் ஐரோப்பியச் சந்தைக்கு வந்த இந்த வகைக் கருவி உண்மையில் பொரிப்பதே இல்லை. அதன் மேற்பகுதியில் ஒரு வெப்பச் சுருள் இருக்கிறது. அதற்கு மேலுள்ள விசிறி, சூடான காற்றைக் கூடையைச் சுற்றி வேகமாகச் சுழல விடுகிறது. அந்தக் காற்று உணவின் மேற்பரப்பில் உள்ள ஈரத்தை உலர்த்துகிறது. ஈரம் போனபின் மேற்பரப்பின் வெப்பம் ஏறத்தாழ 140 பாகை செல்சியசைத் தாண்டும். அப்போதுதான் உணவு பொன்னிறமாகி மொறுமொறுப்படைகிறது. காற்று படாத இடம் வேகாது.

யாழினி போர்வையைத் தடவிப் பார்த்தாள். அறிவியல் பாடத்தில் படித்தது நினைவுக்கு வந்தது. காற்று ஓர் அரிதிற் கடத்தி. அதாவது, வெப்பத்தை எளிதில் கடத்தாத பொருள். பஞ்சு இழைகளுக்கு இடையே ஆயிரக்கணக்கான சிறு இடைவெளிகளில் காற்று அசையாமல் தங்கியிருக்கிறது. அதனால் உடலின் சூடு வெளியே போக முடிவதில்லை. பஞ்சை அமுக்கிவிட்டால் காற்றுக்கு இடமில்லை. போர்வை நனைந்தால் அந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும். நீரோ காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும்.

நின்றால் சூட்டைக் காக்கிற காற்று, ஓடினால் சூட்டைச் சுமந்து செல்கிறது. இரண்டு இடத்திலும் அதற்கு இடைவெளி வேண்டும்.

பொழுது விடிந்ததும் அவள் பாட்டியிடம் ஓடினாள். “பாட்டி! நீங்கள் பஞ்சை அமுக்காதே என்றீர்களே, அதே தவற்றைத்தான் நான் வடையிலும் செய்திருக்கிறேன்!” என்று தொடங்கி எல்லாவற்றையும் விளக்கினாள். பாட்டி ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

“அப்படியானால் என் அம்மா சொன்னது சரிதான் என்கிறாய்?”

“சரிதான் பாட்டி. ஆனால் வடை மாவின் பக்குவம் எனக்குத் தெரியவில்லை. அது கையேட்டில் இல்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.”

பாட்டி எழுந்து சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். “பருப்பைக் கொரகொரப்பாக அரை, தண்ணீர் விடாதே. உப்பைக் கடைசியில் போடு. முன்பே போட்டால் வெங்காயம் நீர் விட்டு மாவு தளர்ந்துவிடும். மெல்லியதாகத் தட்டு,” என்றார். அத்தை வடைகளின் இருபுறமும் சிறிது எண்ணெய் தடவினார். யாழினி இடைவெளி விட்டு ஆறு வடைகளை மட்டும் வைத்தாள். பாதி நேரத்தில் அவற்றைத் திருப்பிப் போட்டாள்.

கூடையைத் திறந்தபோது சோம்பின் வாசம் எழுந்தது. பாட்டி ஒரு வடையைக் கடித்து மென்றார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தனர்.

“எண்ணெயில் பொரித்த வடை மாதிரி இல்லை,” என்றார் அவர். சற்றுப் பொறுத்து, “ஆனால் இதுவும் வடைதான்,” என்று சொல்லி இன்னொன்றை எடுத்துக்கொண்டார்.

அன்று பிற்பகல் துண்டுகளை அடுக்கியபோது, போர்வையின் நடுவில் ஒன்பது சதுரங்களுக்கு இடம் காலியாக இருப்பதை யாழினி கவனித்தாள்.

“இங்கே என்ன துணி, பாட்டி?”

பாட்டி உடனே பதில் சொல்லவில்லை. உள்ளறைக்குச் சென்று ஒரு தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். அதில் தாத்தாவின் மூன்று சட்டைகள் மடித்தபடி இருந்தன. “நடுவில் இவற்றைத்தான் வைக்க வேண்டும் என்று தொடங்கினேன். பலமுறை பெட்டியைத் திறந்துவிட்டேன். கத்தரிக்கோலை வைக்க மனம் வரவில்லை. கேட்பவர்களிடம் கண் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்,” என்றார்.

யாழினிக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. கவின் மட்டும் ஒரு சட்டையைத் தொட்டுப் பார்த்து, “அக்காவின் போர்வை முடிந்ததும் நானும் ஒரு நாள் தாத்தா சட்டையைப் போர்த்திக்கொண்டு தூங்கலாமா, பாட்டி?” என்று கேட்டான்.

பாட்டி அவனை நெடுநேரம் பார்த்தார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து யாழினியின் கையில் கொடுத்து, அந்தக் கைமேல் தம் கையை வைத்துக்கொண்டார். முதல் துணி வெட்டுப்பட்டது. கட்டம் போட்ட சட்டையின் பையை மட்டும் பிரிக்காமல் அப்படியே ஒரு சதுரமாக வெட்டச் சொன்னார். தாத்தா பேரப்பிள்ளைகளுக்கு மிட்டாய் வைத்திருந்த பை அது.

விடுமுறை முடிந்தபோது போர்வை இன்னும் முடியவில்லை. மூன்று அடுக்குகளையும் இணைக்கும் தையல் பாக்கி இருந்தது. தாத்தாவின் முதல் நினைவு நாளுக்கு எல்லாரும் மீண்டும் வருவதாக முடிவாகியிருந்தது. அதற்குள் பாட்டி தைத்து முடிக்க வேண்டும்.

புறப்படுவதற்கு முந்தைய இரவு யாழினி நெடுநேரம் விழித்திருந்தாள். காலையில் பாட்டி தையல் பெட்டியைத் திறந்து பார்த்தார். தைத்துப் பழகிய அந்தச் சிறிய திண்டில் இருபது ஊசிகள் வரிசையாகக் குத்தப்பட்டிருந்தன. ஒவ்வோர் ஊசியிலும் நூல் கோத்திருந்தது.