ராணுவ வயர்லெஸ்ஸில் கூப்பிடும் பெயர்கள்



சினிமாவில் ராணுவ வீரர் ஒருவர் ஒரு கருவியை வாய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டு "ஆல்ஃபா, பிராவோ, ஓவர்" என்று கத்துவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஆல்ஃபா யாரு? பிராவோ யாரு? அது அவர்களுடைய உண்மையான பெயரா? எங்கள் பெரியப்பா ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் கேட்டும், நூலகத்தில் தேடிப் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

வயர்லெஸ்ஸில் ஒருவரைக் கூப்பிடுவதற்காகக் கொடுக்கப்படும் பெயரை அழைப்புக் குறி என்று சொல்லலாம். பெரியப்பா 'கால் சைன்' என்றுதான் சொல்வார். டெலிபோனில் பேசினால் இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர், அவ்வளவுதான். வயர்லெஸ் அப்படி இல்லை. ஒரே அலைவரிசையில் இருபது பேர் காத்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் பேசினால் இருபது பேர் காதிலும் விழும். அதனால் முதலிலேயே "இது உனக்கு" என்று சொல்லிவிட வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். டீச்சர் 'கே', 'எம்', 'எஸ்' என்று இனிஷியல் சேர்த்துக் கூப்பிட்டால்தான் சரியான ஆள் எழுந்து நிற்கும். அதே மாதிரிதான்.

ஆனால் ராணுவத்தில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. அந்த இருபது பேரோடு இருபத்தோராவதாக எதிரியும் கேட்டுக்கொண்டிருப்பான். ஆகவே இந்தப் பெயர் நம் ஆளுக்கு உடனே புரிய வேண்டும், எதிரிக்கு ஒன்றுமே புரியக் கூடாது. இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்று யோசித்துப் பார்த்தால் தெரியும்.

இது முதலில் தொடங்கியது கப்பல்களில். மார்க்கோனி கம்பெனியின் கருவி வைத்த கப்பல்களுக்கு மூன்று எழுத்துகளில் குறி கொடுத்தார்கள். 1912 ஏப்ரலில் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் குறி 'எம் ஜி ஒய்'. முதல் எழுத்து மார்க்கோனியைக் குறிக்கும். அதைக் காப்பாற்ற ஓடிவந்த கார்பேத்தியா கப்பலின் குறி 'எம் பி ஏ'. அதன்பிறகு நாடுகள் கூடிப் பேசி, எந்த நாட்டுக்கு எந்த எழுத்து என்று பிரித்துக்கொண்டன. நம் இந்திய விமானங்களின் உடம்பில் 'வி டி' என்று தொடங்கும் எழுத்துகள் எழுதியிருக்கும். அதுவும் அந்தப் பங்கீட்டில் நமக்கு வந்த பங்குதான்.

அது மோர்ஸ் காலம். கட் கட கட் என்று தட்டினால் எழுத்து வரும். அப்புறம் வாயால் பேசும் வயர்லெஸ் வந்தது. அப்போதுதான் புதுத் தலைவலி. ஆங்கிலத்தில் பி, சி, டி, ஈ, ஜி, வி எல்லாம் ஒரே மாதிரி 'ஈ' என்று முடிகின்றன. குண்டுச் சத்தத்தில், இரைச்சலில் எது பி, எது டி என்று யார் கண்டது? அதனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு முழுச் சொல் வைத்தார்கள். நாம் 'அ, அம்மா. ஆ, ஆடு' என்று படித்தோமே, அதுபோல.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிக்னல்காரர்கள் ஏ என்பதற்கு 'ஆக்', டி என்பதற்கு 'டாக்' என்றார்கள். விமானத்தைச் சுடும் பீரங்கியின் ஆங்கிலப் பெயரில் முதலெழுத்துகள் இரண்டும் ஏ. அதனால்தான் அதற்கு 'ஆக் ஆக்' என்று பெயர் வந்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் 'ஏபிள், பேக்கர், சார்லி, டாக்' என்று மாற்றினார்கள். ஆனால் இவை இங்கிலீஷ்காரர் வாய்க்கு ஏற்ற சொற்கள். பிரெஞ்சு, ஸ்பானிஷ் பேசுகிறவர்களுக்கும் ஒத்துவர வேண்டுமே! பல நாட்டு ஆட்களைப் பேச வைத்து, கேட்க வைத்து, சோதனை செய்து, 1956-இல் இன்று புழக்கத்தில் இருக்கும் 'ஆல்ஃபா, பிராவோ, சார்லி, டெல்டா' வரிசையை முடிவு செய்தார்கள். இதில் 'ஜூலியட்' என்ற சொல்லின் கடைசியில் வேண்டுமென்றே இரண்டு 'டி' போட்டு எழுதுவார்கள். ஒரு 'டி' மட்டும் இருந்தால் பிரெஞ்சுக்காரர்கள் அதை உச்சரிக்காமல் விட்டுவிடுவார்களாம். எனக்கு இந்த வரிசையில் ரொம்பப் பிடித்தது ஒன்பதாவது எழுத்தான 'ஐ'. அதற்கான சொல் 'இந்தியா'. உலகத்தில் எந்த நாட்டு விமானி 'ஐ' என்று சொன்னாலும் நம் நாட்டின் பெயரைத்தான் சொல்ல வேண்டும்!

'ரோஜர்' என்று சொல்கிறார்களே, அதுவும் பழைய வரிசையில் இருந்த சொல்தான். செய்தி கிடைத்தது என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து 'ஆர்'. பழைய வரிசையில் ஆர் என்றால் ரோஜர். இப்போது ஆர் என்றால் 'ரோமியோ' ஆகிவிட்டது. ஆனால் ரோஜர் மட்டும் போகவே இல்லை. இன்னொன்று, சினிமாவில் "ஓவர் அண்ட் அவுட்" என்று சொன்னால் எங்கள் பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். 'ஓவர்' என்றால் நான் முடித்துவிட்டேன், நீ பேசு. 'அவுட்' என்றால் பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம். "வாங்க, உட்காருங்க, வெளியே போங்க" என்று ஒரே மூச்சில் சொல்வது மாதிரி இருக்கிறது என்பார்.

கூப்பிடுவதிலும் ஒரு முறை உண்டு. முதலில் யாரைக் கூப்பிடுகிறோமோ அவர் பெயர், பிறகுதான் நம் பெயர். ஏனென்றால் தன் பெயர் காதில் விழுந்தவுடன் ஆள் நிமிர்ந்து உட்காருவார். அப்புறம் வருவதை ஒழுங்காகக் கேட்பார். பிரிட்டிஷ் ராணுவ வழக்கத்தில் எல்லாரையும் கட்டுப்படுத்தும் தலைமை நிலையத்துக்கு 'ஸீரோ' என்று பெயர். அமெரிக்க ராணுவத்தில் குறியின் கடைசியில் 'ஆறு' வந்தால் அவர்தான் தளபதி. 1965-இல் வியட்நாமில் ஐயா டிராங் பள்ளத்தாக்குச் சண்டையை நடத்திய ஹால் மூர் என்பவரின் குறி 'டிரோஜன் ஆறு'.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எதிரிக்குச் செய்தி புரியாவிட்டால் போதாதா, பெயரை வேறு எதற்கு மறைக்க வேண்டும்? எனக்கும் முதலில் இந்தச் சந்தேகம் இருந்தது. பெரியப்பா ஒரு கேள்வி கேட்டார். நம் தெருவில் ஒரு வீட்டுக்குப் பந்தல்காரர் வருகிறார், சமையல்காரர் வருகிறார், அடுத்த நாள் மேளக்காரர் வருகிறார். உள்ளே என்ன பேசினார்கள் என்று உனக்குக் கேட்கவில்லை. ஆனாலும் அந்த வீட்டில் என்ன விசேஷம் என்று தெரியாதா? வயர்லெஸ்ஸிலும் அப்படித்தான். செய்தி ரகசிய எழுத்தில் இருந்தாலும் யார் யாரை எத்தனை தடவை கூப்பிட்டார்கள், எந்தத் திசையிலிருந்து கூப்பிட்டார்கள் என்று எழுதி வைத்துக்கொண்டே வந்தால் எந்தப் படை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆகவே அடிக்கடி பெயரை மாற்ற வேண்டும்.

இதற்கு நான் படித்ததிலேயே பெரிய உதாரணம் 1941. பசிபிக் கடலில் ஹவாய்த் தீவில் பெர்ல் ஹார்பர் என்ற இடத்தில் அமெரிக்கக் கடற்படை இருந்தது. அங்கே ஜோசப் ரோஷ்ஃபோர்ட் என்ற அதிகாரியின் குழு இரவும் பகலும் ஜப்பானியக் கப்பல்களின் வயர்லெஸ்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தது. எந்தக் குறி எந்தக் கப்பல் என்று மெல்ல மெல்லக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். நவம்பர் 1-ஆம் தேதி ஜப்பான் எல்லாக் குறிகளையும் மாற்றியது. பல மாதம் கழித்து மாற்றுவது வழக்கம்தான், பரவாயில்லை என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். டிசம்பர் 1-ஆம் தேதி மறுபடியும் எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள்! ஒரே மாதத்தில் இரண்டாவது தடவை. ஏதோ பெரிய நடவடிக்கைக்குத் தயாராகிறார்கள் என்று அந்தக் குழு அன்றைய அறிக்கையிலேயே எழுதி வைத்தது.

மறுநாள் எட்வின் லேட்டன் என்ற உளவுத்துறை அதிகாரி, எந்த ஜப்பானியக் கப்பல் எங்கே என்று ஒரு பட்டியல் போட்டுத் தளபதி கிம்மலிடம் கொடுத்தார். அதில் முக்கியமான விமானம் தாங்கிக் கப்பல்கள் இல்லை. அவற்றின் குரலே கேட்கவில்லை. அப்படியானால் அவை இந்தத் தீவின் முனையையே சுற்றி வந்துகொண்டிருந்தாலும் உமக்குத் தெரியாதா என்று கிம்மல் கேட்டார். அந்த நேரத்தில் அந்தக் கப்பல்கள் நிஜமாகவே வந்துகொண்டிருந்தன. நவம்பர் 26-ஆம் தேதியே ஆறு விமானம் தாங்கிக் கப்பல்கள் ஜப்பானின் வடக்கே ஹிட்டோகப்பு விரிகுடாவிலிருந்து கிளம்பிவிட்டன. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை காலை குண்டு விழுந்தது. அமெரிக்கர்கள் 2,403 பேர் இறந்தார்கள்.

பெயரை மாற்றியதால் மட்டும் இது நடந்தது என்று சொல்ல முடியாது. மாற்றியதைக் கவனித்தவர்களும் இருந்தார்கள். ஏதோ நடக்கப்போகிறது என்றும் தெரிந்திருந்தது. எங்கே என்பதுதான் தெரியவில்லை. இதைப் படித்த அன்று எனக்கு ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

எல்லாப் பெயரும் எண்ணும் எழுத்துமாக இருப்பதில்லை. இரண்டாம் உலகப் போரில் டக்ளஸ் பேடர் என்று ஒரு பிரிட்டிஷ் விமானி இருந்தார். இரண்டு காலும் இல்லாமல் செயற்கைக் கால் வைத்துக்கொண்டு போர் விமானம் ஓட்டியவர். அவர் இனிஷியல் 'டி பி'. அதை வைத்து 'டாக்ஸ்பாடி' என்று கூப்பிட்டார்கள். எடுபிடி என்று அர்த்தம்! நமக்கு யாராவது பட்டப்பெயர் வைத்தால் டீச்சரிடம் போய்ச் சொல்கிறோம், இவர் அதையே வைத்துக்கொண்டு சண்டை போட்டார். நம் நாட்டில் 1999 கார்கில் போரில் கேப்டன் விக்ரம் பத்ராவின் குறிப்பெயர் 'ஷேர் ஷா'. எதிரிகளும் வயர்லெஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லியே அவருக்குச் சவால் விட்டதாக அவரைப் பற்றி எழுதியவர்கள் சொல்கிறார்கள். மறைப்பதற்காக வைத்த பெயர் எதிரிக்கும் தெரிந்த பெயராகிவிட்டது. ஜூலை 7-ஆம் தேதி அவர் வீரமரணம் அடைந்தார். அவருக்கு பரம் வீர் சக்ரா வழங்கப்பட்டது.

சில பெயர்கள் ஆளுக்கு இல்லை, நாற்காலிக்குத்தான். பிரிட்டிஷ் ராணுவத்தில் எந்தப் படைத் தளபதியையும் 'சன்ரே' என்பார்கள். சூரியக் கதிர் என்று பொருள். 1982 மே 28-இல் பாக்லாந்து தீவுப் போரில் கூஸ் கிரீன் என்ற இடத்தில் எச். ஜோன்ஸ் என்ற தளபதி சுடப்பட்டு விழுந்தபோது வயர்லெஸ்ஸில் போன செய்தி, சன்ரே வீழ்ந்தார் என்பதுதான். உடனே கிரிஸ் கீபிள் என்பவர் பொறுப்பேற்றார். வழக்கப்படி அவர் இப்போது சன்ரே. அமெரிக்க ஜனாதிபதி ஏறும் விமானப்படை விமானம் 'ஏர் ஃபோர்ஸ் ஒன்'. அது ஒரு குறிப்பிட்ட விமானத்தின் பெயர் இல்லை, ஜனாதிபதி உள்ளே இருந்தால் மட்டும் அந்தப் பெயர். 1974 ஆகஸ்ட் 9-ஆம் தேதி பதவி விலகிய நிக்ஸன் அதில் ஊருக்குப் பறந்துகொண்டிருந்தார். கீழே தலைநகரில் ஃபோர்டு பதவி ஏற்றார். அந்த நிமிடமே நடுவானில் விமானத்தின் பெயர் 'சாம் 27000' என்று மாறிவிட்டது. அதே விமானம், அதே ஆள், பெயர் மட்டும் இறங்கிவிட்டது.

எங்கள் பெரியப்பா ஒரு மலை முகாமில் இருந்தபோது ராத்திரி தவறாமல் ஒரு நிலையத்தோடு பேசுவாராம். சத்தம் சரியாகக் கேட்கிறதா என்று சோதிக்கும் பேச்சுதான், ஒரு நிமிடம்கூட இருக்காது. அந்தப் பக்கத்து ஆளின் இருமல்கூடப் பழகிவிட்டதாம். பெயர் தெரியாது, ஊர் தெரியாது, எண் மட்டும்தான். ஒரு நாள் அதே எண்ணில் வேறு குரல் கேட்டது. லீவில் போனாரா, மாற்றலாகிப் போனாரா, வேறு ஏதாவதா? வயர்லெஸ்ஸில் அதைக் கேட்கக் கூடாது. "நீங்க கேட்கவே இல்லையா பெரியப்பா?" என்றேன். "ரோஜர்னு சொல்லிட்டு அவுட்னு சொன்னேம்மா" என்றார்.

நீங்களும் முயன்று பாருங்கள். இது என்ன சொல்?

சியரா, சார்லி, ஹோட்டல், ஆஸ்கர், ஆஸ்கர், லிமா.

முதலெழுத்துகளை ஆங்கிலத்தில் எழுதினால் தெரிந்துவிடும். விடையை ஒரு சீட்டில் எழுதி இந்தத் தாளின் கீழே செருகி வையுங்கள். சீட்டில் உங்கள் பெயரை எழுத வேண்டாம், உங்களுக்கு நீங்களே ஒரு அழைப்புக் குறி வைத்து எழுதுங்கள். ஓவர்.