பெரியதைச் சிறியதாக்கி அளக்கும் மின்மாற்றிகள்

காவிரி கடலோடு கலக்கும் பூம்புகார்ப் பகுதியில் குறுவைக்கு நீர் இறைக்கும் மோட்டாரும், நெல் அரைக்கும் ஆலையும், நாம் படிக்கும் விளக்கும் மின்சாரத்தால் இயங்குகின்றன. நம் வீட்டிற்கு வரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 230 வோல்ட் ஆகும். ஆனால் ஊர் எல்லையில் உள்ள மின்மாற்றிக்கு வரும் கம்பியில் 11,000 வோல்ட் இருக்கிறது. துணை மின்நிலையத்திற்கோ 33,000 அல்லது 1,10,000 வோல்ட் வருகிறது. இவ்வளவு பெரிய அழுத்தத்தைச் சாதாரண வோல்ட்மீட்டரால் நேரே அளக்க முயன்றால் கருவியும் எரியும். அருகில் நிற்பவர் உயிருக்கும் ஆபத்து. அவ்வாறாயின் எப்படி அளக்கிறார்கள்?

இதற்கு உதவுபவையே கருவி மின்மாற்றிகள். 1831-ஆம் ஆண்டு மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இவற்றின் அடிப்படை. இவை இரு வகைப்படும்.

முதலாவது, மின்னழுத்த மின்மாற்றி. இது மின்கம்பிகளுக்குப் பக்க இணைப்பாக அமைக்கப்படும். 11,000 வோல்ட்டை இது 110 வோல்ட்டாகக் குறைக்கிறது. அதாவது நூற்றில் ஒரு பங்கு. துணைச் சுருளில் 108 வோல்ட் காட்டினால் கம்பியில் இருப்பது 10,800 வோல்ட்.

இரண்டாவது, மின்னோட்ட மின்மாற்றி. இது தொடர் இணைப்பில் அமையும். சிலவற்றில் மின்கடத்தி ஒரு வளைய உள்ளகத்தின் நடுவே செல்லும். அக்கடத்தியே முதன்மைச் சுருளாகும். 20/5 என்று குறித்த மின்மாற்றியில், கம்பியில் 20 ஆம்பியர் ஓடும்போது அளவியில் 5 ஆம்பியர் ஓடும். எனவே அளவி 3 காட்டினால் உண்மையான ஓட்டம் 12 ஆம்பியர்.

உயர் அழுத்த இணைப்புள்ள ஓர் அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். மேற்கூறிய இரண்டும் அங்கே இருந்தால் பெருக்கற்காரணி 100 × 4 = 400. அளவி துணைச் சுற்றின் அளவையே பதிவு செய்து, அது 50 யூனிட் எனில், ஆலை செலவிட்டது 20,000 யூனிட். இதில் நூற்றுக்கு ஒன்று பிழை நேர்ந்தாலும் கணக்கு 200 யூனிட் மாறிவிடும். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் வாங்குவதை மிகுதியாக வாங்காமலும், கொடுப்பதைக் குறைத்துக் கொடுக்காமலும் வாழ்ந்தனர் என்று பட்டினப்பாலை கூறுகிறது. அந்த நேர்மையை இன்று இம்மின்மாற்றிகளிடமும் எதிர்பார்க்கிறோம். ஆகவேதான் இவற்றைத் துல்லிய வகுப்புகளாகப் பிரித்துச் சோதிக்கின்றனர்.

மாணவியரே, ஒன்றை நன்கு நினைவில் கொள்ளுங்கள். மின்னோட்ட மின்மாற்றியில் முதன்மை ஓட்டம் இருக்கும்போது துணைச் சுற்றைத் திறக்கவே கூடாது. துணைச் சுருளில் ஓடும் மின்னோட்டம், முதன்மை ஓட்டத்தின் காந்த விளைவைப் பெரும்பாலும் ஈடுசெய்கிறது. அது நின்றுவிட்டால் முதன்மை ஓட்டம் முழுவதும் உள்ளகத்தைக் காந்தமாக்கும்; திறந்த முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழக்கூடும். தலைப்பில் நீர் வந்துகொண்டே இருக்க, வடிகாலை அடைத்தால் கரை உடைவதில்லையா? அதுபோலத்தான். எனவே அம்மீட்டரை எடுக்குமுன் இரு முனைகளையும் குறுக்கே இணைத்துவிடுவர். மின்னழுத்த மின்மாற்றிக்கு விதி நேர்மாறானது: அதன் துணை முனைகளைக் குறுக்கே இணைக்கக் கூடாது. இரண்டிலும் துணைச் சுருளின் ஒரு முனையை நிலத்தோடு இணைத்திருப்பர்.

அளப்பதோடு இவற்றின் பணி முடிவதில்லை. கம்பிகள் ஒன்றோடொன்று உரசி மின்னோட்டம் திடீரெனப் பெருகினால், மின்னோட்ட மின்மாற்றி அச்செய்தியை ரிலே என்னும் கருவிக்குத் தருகிறது. ரிலே சுற்றுமுறிப்பானை இயக்கி மின்சாரத்தைத் துண்டிக்கிறது.

2018 நவம்பரில் வீசிய கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் ஏராளமான மின்கம்பங்கள் சாய்ந்தன. அத்தகைய வேளைகளில், கம்பி விழுந்தவுடன் மின்சாரம் நின்றிருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. உலர்ந்த மணலில் விழுந்த கம்பியிலிருந்து நிலத்திற்குப் பாயும் மின்னோட்டம் மிகக் குறைவாக இருக்கலாம். ரிலே அதை உணராமல் போகலாம். எனவே அறுந்த கம்பியைக் கண்டால் நெருங்காமல் விலகி நின்று, பிறரையும் தடுத்து, மின்வாரிய அலுவலகத்திற்கு உடனே தெரிவிப்பது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.