பிளேனார் ஹெட்போன்: காது கொடுத்துக் கேட்டு வாங்குங்கள்

சாதாரண ஹெட்போனில் சிறிய கம்பிச்சுருள் ஒன்று படலத்தின் நடுவைப் பிடித்து அசைக்கும். பிளேனார் வகையில் மின்தடம் மெல்லிய படலத்தின் மீதே பரவலாகப் பதிந்திருக்கும். காந்த வரிசையின் விசையில் படலம் முழுவதும் ஒரே சீராக அசையும். தாளத்தின் அடி மழுங்காமல் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். யமஹா 1976-லேயே ஹெச்பி-1 என்ற பெயரில் இந்த வகை ஹெட்போனைக் கொண்டுவந்தது. பின்புறம் மூடிய, வெளியே எடுத்துப்போகக்கூடிய பிளேனார்களில் 2015-ல் வந்த ஒப்போ பிஎம்-3 நல்ல பெயர் வாங்கியது. விலை கூடிய பொருள் என்பதால், பணம் கொடுக்கும் முன் ஒரு மணி நேரம் ஒதுக்கிச் சோதித்துவிடுங்கள்.

1. கடைக்காரர் போடும் பாட்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். அந்தக் கருவியில் நன்றாகக் கேட்கும் பாட்டைத்தான் அவர் போடுவார். உங்களுக்கு மனப்பாடமான ஐந்து பாடல்களை உயர்ந்த தரத்தில் போனில் இறக்கி எடுத்துப்போங்கள். தனிக்குரல் ஒன்று, மிருதங்கத் தனி ஒன்று, தம்புரா சுருதியோடு ஒன்று, சினிமாப் பாட்டு ஒன்று, பெரிய வாத்தியக் குழு ஒன்று என இருக்கட்டும். வாத்தியக் குழுவுக்கு இளையராஜாவின் ‘திருவாசகம்’ (2005) பொருத்தம். புடாபெஸ்ட் சிம்பொனி குழு வாசித்தது. அத்தனை வாத்தியங்களுக்கு நடுவே குரல் அமுங்காமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

2. போனில் உள்ள ஈக்வலைசர், டால்பி, பேஸ் பூஸ்ட் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் கேட்பது போனின் ஜோடனையை. ஹெட்போனின் ஒலியை அல்ல.

3. முதலில் காதைச் சுற்றிக் குஷன் இடைவெளி இல்லாமல் படிந்திருக்க வேண்டும். மூடிய பிளேனாருக்கு உயிர்நாடியே இதுதான். காற்று கசிந்தால் முதலில் போவது பேஸ். நான் முதன்முதலாக ஒன்றைக் கேட்டபோது, பேஸே இல்லை என்று கழற்றி வைக்கப் போனேன். மூக்குக்கண்ணாடியை எடுத்துவிட்டு மறுபடி கேட்டதும் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியின் ஒலி முழுதாக வந்தது. கண்ணாடிக் காம்பு குஷனைத் தூக்கியிருந்த இடைவெளி ஒரு நூல் அளவுதான். கண்ணாடி, கற்றை முடி, பெரிய தோடு எதுவானாலும் இதே கதைதான். பாட்டு ஓடும்போது இரண்டு கப்பையும் உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பாருங்கள். பேஸ் சட்டென்று கூடினால் கசிவு இருக்கிறது என்று அர்த்தம். தினமும் கண்ணாடி போடுபவர் கண்ணாடியோடுதான் சோதிக்க வேண்டும்.

4. பேஸ் அதிகமாக இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு. மிருதங்கத் தனி ஆவர்த்தனம் ஒன்றைப் போடுங்கள். தொப்பியில் கும்கி வரும்போது ஒலி வழுக்கி ஏறுவது ஒரு கோடு போலத் தொடர்ந்து கேட்க வேண்டும். வெறும் ‘தும் தும்’ என்று ஒலித்தால் அந்த பேஸில் விவரம் இல்லை. அதே நேரம் வலந்தலையின் ‘நம்’ அதற்குள் புதைந்துவிடவும் கூடாது.

5. மூடிய கப்புக்குள் பின்பக்கம் போகும் ஒலி சுவரில் பட்டுத் திரும்பும். அதை உள்ளே சரியாக உறிஞ்சாவிட்டால் குடத்துக்குள் பேசுவது போலக் குரல் கேட்கும். இதைப் பிடிக்க ஓர் எளிய வழி: வீட்டில் இருப்பவரை இரண்டு நிமிடம் சாதாரணமாகப் பேசச் சொல்லிப் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அம்மாவின் குரலோ மனைவியின் குரலோ எப்படி இருக்கும் என்பது உங்கள் காதுக்குத் தெரியும். அதைக் கடையில் கேட்டதும் அவரே எதிரில் பேசுவது போல இருந்தால் நல்லது. சளி பிடித்தது போலவோ டப்பாவுக்குள்ளிருந்து வருவது போலவோ இருந்தால் அந்த மாடலை விட்டுவிடலாம்.

6. ‘ச’, ‘ஷ’, ‘ஸ’ வரும் இடங்களையும் ஜால்ரா ஒலியையும் கவனியுங்கள். காதில் ஊசி போலக் குத்தக் கூடாது. முதல் ஐந்து நிமிடம் ‘பளிச்’ என்று தோன்றும் ஒலி அரை மணி நேரத்தில் அலுப்புத் தட்டலாம், அதனால் அவசரப்படாதீர்கள்.

7. தனிக்குரல் தலையின் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்போனை இடவலம் மாற்றிப் போட்டுக் கேளுங்கள். சாய்வும் சேர்ந்து மாறினால் கோளாறு ஹெட்போனிலோ போனிலோ இருக்கிறது. மாறாமல் அதே காதில் நின்றால் குஷன் படிந்த விதத்தையும் உங்கள் காதையும் பாருங்கள்.

8. இரண்டு மாடல்களை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்கிக்கொள்ளுங்கள். சற்றே உரக்கக் கேட்பதுதான் சிறந்தது என்று காது நம்பிவிடும். உரக்கக் கேட்பதைக் குறைத்து மறுபடி ஒப்பிட்டால் தீர்ப்பு மாறுவதும் உண்டு.

9. பெட்டியில் உள்ள ஓம் அளவை மட்டும் பார்க்காமல், டெசிபல் அளவையும் (அதே மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதை) பாருங்கள். பிஎம்-3-க்கு 26 ஓம், 102 டெசிபல், போனே போதும். டெசிபல் 10 குறைந்தால் அதே சத்தத்துக்கு 10 மடங்கு மின்சக்தி வேண்டும். அப்படிப்பட்ட மாடலுக்குத் தனி ஆம்ப் வாங்கும் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் போனோடும் அதில் செருகும் டாங்கிளோடும் சோதிப்பதே நியாயம்.

10. கப்பைக் காதில் அழுத்தும்போது பாலித்தீன் கசங்குவது போல மெல்லிய சத்தம் வரலாம். காற்றழுத்தத்தில் படலம் நெளிவதால் வருவது அது. போட்டபின் பாட்டிலும் அந்தச் சத்தம் கேட்டால் வாங்காதீர்கள். வாங்கிய பிறகும் பட்டென்று மாட்டாமல், வெடுக்கென்று பிடுங்காமல், கப்பின் ஓரத்தைத் தூக்கிக் காற்று விட்டுக் கழற்றுங்கள்.

11. எடையைத் தலையில் வைத்துத்தான் அறிய முடியும். பிஎம்-3 சுமார் 320 கிராம்; 2023-ல் வந்த வயர்லெஸ் ஆடிஸி மேக்ஸ்வெல் சுமார் 490 கிராம். உச்சந்தலை வலிக்கிறதா, காது வியர்க்கிறதா என்று குறைந்தது அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து, பாட்டு வெளியே கேட்கிறதா என்றும் விசாரியுங்கள்.

12. குஷன் தேய்ந்தால் ஒலியே மாறும். வியர்வையை உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்து, ஈரம் உலர்ந்தபின் பெட்டியில் வையுங்கள். கூடவே மருந்து டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைக்கலாம். பழையது வாங்கினால் அந்த மாடலுக்குக் குஷன் இன்னும் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

13. நல்ல பிளேனாரில் சத்தம் கூட்டினாலும் ஒலி கரகரக்காது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. எவ்வளவு உரக்கக் கேட்கிறோம் என்பதே தெரியாது. பெரியவர்களுக்கு வாரம் 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, குழந்தைகளுக்கு 75.

ஹெட்போன் பழுதானால் வேறு வாங்கலாம். இரைச்சலால் போன செவித்திறன் திரும்பாது. வாங்கிய அன்றே வால்யூமுக்கு ஒரு வரம்பு வைத்துவிட்டுப் பாட்டைப் போடுங்கள்.